2,850 ரிங்கிட் போச்சு: ‘இரட்டை பாய்லர்’ எஸ்பிரசோ மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2,850 ரிங்கிட். வீட்டில் இரண்டு பேர் குடிக்கும் காப்பிக்காக ஒரு எஸ்பிரசோ மெஷினுக்குக் கொடுத்த பணம். வந்து இறங்கியது எர்த் ஒயர் வெட்டப்பட்ட, உள்ளே சுண்ணாம்பு அடைத்துக் கிடக்கிற, ஆள் உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு பெட்டி. கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. அதே ஆட்கள் அதே மேசையில் வேறொரு மெஷினை வைத்து, அதே மாதிரி வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் பணம் போடுவதற்குள் இது அவர் கண்ணில் பட வேண்டும்.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் கொடுத்தாகிவிட்டது. எந்த மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். பழைய காப்பி மெஷின்களைப் பிரித்து, சுத்தம் செய்து, பாகம் மாற்றி, வாரண்டியோடு விற்கிறோம் என்று சமூக ஊடகத்தில் பக்கம் நடத்துகிறவர்கள். கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் மாடிப் பட்டறை இருப்பதாகப் படம் போட்டிருப்பார்கள். இணையச் சந்தை ஒன்றிலும் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது பினாங்கு. நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை கெடும், அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

விளம்பரத்தில் இருந்தது: “இரட்டை பாய்லர், 58 மி.மீ. குரூப், 9 பார், ஷோரூம் டெமோ செட், ஓராண்டு வாரண்டி.” குரூப் என்பது காப்பி இறங்கும் தலைப்பகுதி, பார் என்பது அழுத்தத்தின் அளவு, டெமோ செட் என்றால் கடையில் காட்சிக்கு வைத்திருந்தது. இதில் விலையை ஏற்றுவது முதல் இரண்டு சொல்தான். எஸ்பிரசோ இறக்கத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பாலை நுரைக்க வைக்கும் ஆவிக்கு பாய்லர் 120 டிகிரியைத் தாண்ட வேண்டும். சாதாரண ஒற்றை பாய்லர் என்றால் காப்பி இறக்கி முடித்து, ஸ்டீம் சுவிட்சைத் தட்டி, சூடேறும் வரை நிற்க வேண்டும். அடுத்த காப்பிக்கு அதே பாய்லரைத் திரும்ப ஆற வைக்க வேண்டும். இரண்டு பாய்லர் இருந்தால் ஒரு பக்கம் காப்பி இறங்கும்போதே மறுபக்கம் பால் நுரைக்கும். அந்த வசதிக்குத்தான் கூடுதல் பணம். புதிதாக வாங்கினால் நல்ல இரட்டை பாய்லர் மெஷின் இந்த விலைக்குக் கிடைக்காது என்பதால்தான் ‘டெமோ செட்’ என்ற சொல் நம்பும்படி இருந்தது.

கடைக்காரன் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுக் காட்டினான். “அக்கா, நீங்களே பாருங்க, ஊசி ஒன்பதுல நிக்குது பாருங்க. கிரீமாவைப் பாருங்க, தேன் மாதிரி இறங்குது.” பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) ஊசி அசையாமல் 9-இல் நின்றது. கிளாசில் தடிமனாகப் பொன்னிற நுரை, அதுதான் கிரீமா. பின்னால் அலமாரியில் நாலைந்து மெஷின்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், எல்லாம் ஒரு பட்டறைக்கு உரிய ஒழுங்கில். அடுத்து வந்ததுதான் முக்கியம். “நம்ம ஆளுங்களுக்குப் போய் நான் பழுது சாமான் குடுப்பேனா அக்கா? ஆன்லைன்ல வாங்குனா அவன் கமிஷன் புடிச்சிடுவான். நேரா போட்டு விட்டுடுங்க, 200 வெள்ளி குறைச்சிக்கிறேன்.” இணையச் சந்தையில் 3,050 போட்டிருந்தது, இப்படித்தான் 2,850 ஆனது. கணக்கு ஏன் ஒரு தனி ஆள் பெயரில் இருக்கிறது என்று கேட்டதற்கு, “எங்க கணக்காளர் பேருக்கா, கம்பெனி கணக்கு மாத்திக்கிட்டு இருக்கோம்” என்றான். பணம் போன ரசீதை அனுப்பியதும் இதயப் படம், கும்பிடு படம், “ரொம்ப நன்றி அக்கா, குடும்பம் மாதிரி பாத்துக்குவோம்.”

அந்த வீடியோவில் இருந்த மோசடியை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்தவரையும் இதே வீடியோவால்தான் பிடிப்பார்கள்.

பெட்டியைப் பிரித்து மெஷினை மேசையில் வைத்தபோது பிளக் இன்னும் சுவரில் செருகவில்லை. ஊசி 9-இல் நின்றது. மின்சாரமே இல்லாத, தண்ணீரே ஊற்றாத மெஷினில் 9 பார் அழுத்தம்! மேல் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கேஜின் பின்னால் வர வேண்டிய மெல்லிய செம்புக் குழாய் வெட்டி, நுனி நசுக்கப்பட்டிருந்தது. ஊசியை யாரோ கையால் தள்ளி அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

வேலை செய்கிற கேஜ் எப்படி நடந்துகொள்ளும் தெரியுமா? பம்ப் ஓடாதபோது 0. பட்டனைத் தட்டியதும் உடனே ஏறாது. தூளின் மேல் இருக்கும் காலி இடத்தில் தண்ணீர் நிரம்பும் வரை சில வினாடி தயங்கும். பிறகு மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்கும், காப்பி இறங்க இறங்கத் தூள் தளர்வதால் லேசாகக் கீழே வரும். பம்பை நிறுத்தியதும், மூன்று வழி வால்வு உள்ள மெஷினில், ‘புஸ்’ என்று மிச்ச அழுத்தம் கீழ்த் தட்டில் கொட்டும், ஊசி ஒரேயடியாக விழும். இந்த ஏற்றமும் இறக்கமும் தெரியாத வீடியோ எதையும் நிரூபிக்காது. அவன் காட்டியது நடுவில் உள்ள சில வினாடிகள் மட்டும். ஆரம்பிக்கும்போது கேமரா அவன் முகத்தில் இருந்தது, முடியும்போது கிளாசுக்குப் போய்விட்டது.

நுரையும் பொய்தான். கூட வந்த பாஸ்கெட்டை (தூள் போடும் துளைக் கிண்ணம்) வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் ஒரே ஒரு ஊசித் துளை. இது இரட்டைச் சுவர் பாஸ்கெட். உள்சுவரில் நிறையத் துளை இருக்கும், வெளிச்சுவரில் ஒன்றுதான். காப்பி அந்த ஒற்றைத் துளையில் பீய்ச்சி அடிப்பதால் மாதக்கணக்கில் கிடந்த தூளிலும் நுரை வரும். பழகுகிறவர்களுக்கும் கடையில் அரைத்த தூளுக்கும் இது உதவும், அதில் தப்பில்லை. ஆனால் மெஷினின் அழுத்தம், சூடு பற்றி அந்த நுரை ஒன்றும் சொல்லாது. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டை வாங்கிப் போட்டு, 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்குகிறதா என்று பார்த்தபோதுதான் சாயம் வெளுத்தது. தூளை எவ்வளவு நைசாக அரைத்தாலும் சரி, கொரகொரப்பாக அரைத்தாலும் சரி, முதலில் கொதிஆவி சீறியது, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் சொட்டியது.

காரணம் உள்ளே இருந்தது. இரண்டு பாய்லர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சின்ன அலுமினிய பாய்லர். அதன் மேல் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இரண்டு, ஒன்று காப்பிக்கு, ஒன்று ஆவிக்கு. அந்த ‘இரண்டு’தான் விளம்பரத்தில் இரட்டை பாய்லர் ஆகியிருக்கிறது. பாய்லர் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து நிற்க, அலுமினியம் அரித்துக் குழி விழுந்திருந்தது. குரூப் கேஸ்கெட் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம்) கல்லாக இறுகி இருந்தது. பாஸ்கெட்டைத் தாங்கும் போர்ட்டாஃபில்டரின் கைப்பிடி நேராக நிற்க வேண்டியது வலது பக்கம் ரொம்ப தூரம் போனது. புது கேஸ்கெட் விலை அதிகமில்லை. அதைக்கூட மாற்றாமல், பின்னால் அட்டைத் துண்டை வெட்டி வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அட்டை ஊறிப் பிய்ந்தது.

தூளின் மேல் தண்ணீரைத் தெளிக்கும் ஷவர் சல்லடை முழுக்கக் கருப்பாகப் பிசுபிசுப்பு. இது சாதாரணக் காப்பி எண்ணெய் இல்லை. நம் ஊர் கோப்பித்தியாம் (காப்பிக்கடை) தூளைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள். துணிப்பையில் வடிக்க அது அருமையான தூள். எஸ்பிரசோ மெஷினில் போட்டால் அந்தச் சீனிப்பாகு சல்லடையிலும் வால்வின் சின்னத் துளையிலும் இறுகிவிடும், கிரைண்டர் பல்லில் ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஷோரூமில் சும்மா நின்ற மெஷினுக்கு இந்தக் கோலம் வராது, எங்கோ வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறது. அதே மாதிரித் தூளில் ஒரு பொட்டலத்தைத்தான் ‘இலவசம்’ என்று பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

இதெல்லாம் பண நஷ்டம். பிளக்கைத்தான் மன்னிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் வார்த்த பிளக் இல்லை, கழற்றி மாட்டுகிற மலிவு பிளக், மலேசியத் தரச் சான்றான சிரிம் ஒட்டி கிடையாது. மூடியைத் திறந்தால் பழுப்பும் நீலமும் அதனதன் இடத்தில் இருக்க, பச்சை மஞ்சள் எர்த் ஒயரை உறையோடு சேர்த்து நறுக்கிவிட்டிருந்தார்கள். ஏன் என்பது பினாங்கு ஜெலுத்தோங்கில் மின்சாமான் பழுது பார்க்கும் பெரியவர் மெகர் (மின்கசிவு சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஹீட்டர் கம்பியிலிருந்து மின்சாரம் உடம்புத் தகட்டுக்குக் கசிகிறது. எர்த் இருந்தால் வீட்டு மெயின் பெட்டியில் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உடனே விழும், வாங்கினவர் அன்றைக்கே போன் போடுவார். எர்த்தை வெட்டிவிட்டால் விழாது. ஈரக் கையோடு யாராவது அந்தத் தகட்டைத் தொடும் வரை. “இத இனிமே சுவத்துல சொருகிறாதம்மா” என்று பிளக்கைத் தனியாக வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். காசுக்காக ஒரு குடும்பத்தின் சமையலறைக்குள் இப்படி ஒன்றை அனுப்ப எப்படி மனசு வந்தது?

பிறகு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில், “கொட்டை பழசா இருக்கும் அக்கா.” கொட்டை புதுசு, வறுத்த தேதியின் படத்தை அனுப்பினேன். “அப்போ கிரைண்டர்தான்.” கிரைண்டர் சரியில்லையென்றால் காப்பி வேகமாக இறங்கும், அல்லது இறங்காமல் நிற்கும். அதற்கும் கேஜ் ஊசி மின்சாரம் இல்லாமல் 9-இல் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? அதற்குப் பதில் இல்லை. “வினிகர் ஊத்தி ஓட விடுங்க, எல்லாம் சரியாயிடும்.” ஏற்கெனவே அரித்துப் போன அலுமினியத்தில் வினிகர் ஊற்றச் சொல்கிறான். “பினாங்குத் தண்ணிதான் கோளாறு.” எந்த ஊர்த் தண்ணீரும் வந்து இறங்கிய கையோடு இவ்வளவு சுண்ணாம்பைப் படிய வைக்காது. “டெக்னீஷியன் கம்போங் (சொந்த ஊர்) போயிட்டான், திங்கள்கிழமை கூப்பிடுவான்.” திங்கள் வந்தது, டெக்னீஷியன் வரவில்லை.

எர்த் ஒயர் படத்தை அனுப்பியதும் குரல் மாறிவிட்டது. அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. “நீங்க தெறந்ததால வாரண்டி செல்லாது மேடம்.” சரி, திருப்பி எடுத்துக்கொண்டு 2,850-ஐக் கொடு என்றால், கூரியர் செலவு என்னுடையதாம், வந்து சேர்ந்ததும் ‘பரிசோதனைக் கட்டணம்’ 150 ரிங்கிட்டாம், அதற்கப்புறம் பார்ப்பார்களாம். வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தால் மெஷின் சீரியல் எண் எழுத வேண்டிய கோடு காலி. முத்திரையில் கடைப் பெயர் இருக்கிறது, பதிவு எண் இல்லை. இப்போது அனுப்பும் செய்திக்கு ஒற்றை டிக்தான் வருகிறது. பக்கத்தில் போட்ட கருத்தை அழித்துவிட்டார்கள்.

மெஷின் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாகவே எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இணையச் சந்தைக்கு வெளியே பணம் போடாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. பொருளைச் சோதித்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தும் வரை பணத்தை அவர்கள் பிடித்து வைத்திருப்பது ஒன்றுதான் நமக்குப் பிடி. தனி ஆள் கணக்கு என்றால் மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதில் புகார் இல்லையென்றால் ஆள் நல்லவன் என்று அர்த்தமில்லை.

வீடியோ வேண்டுமென்றால் ஆறிய மெஷினில், பிளக் செருகுவதிலிருந்து வெட்டாமல் கேளுங்கள். ஊசி 0-இல் தொடங்க வேண்டும். ஒற்றைச் சுவர் பாஸ்கெட், தராசின் மேல் கிளாஸ், ஓடும் கடிகாரம் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். இரட்டை பாய்லர் என்று சொன்னால் காப்பி இறங்கும்போதே ஸ்டீமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு வந்தது மாதிரி சாதாரண ஒற்றை பாய்லரை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்ய முடியாது. 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போடுவதைக் கண்டு மயங்காதீர்கள், அது பம்பின் உச்ச அளவு. காப்பிக்கு வேண்டியது 9.

பழைய மெஷின் வாங்கினால், சுவரில் செருகுமுன் மல்டிமீட்டரில் பிளக்கின் நீள முள்ளுக்கும் (அதுதான் எர்த்) மெஷினின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பீப் சத்தம் வரவில்லையென்றால் செருகவே செருகாதீர்கள். இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கையில் இருப்பது 2,850தான் என்றால் அத்தனையையும் மெஷினில் போடாமல், வாரண்டியோடு வரும் புது ஒற்றை பாய்லர் மெஷினையும் நல்ல கிரைண்டரையும் வாங்கலாம். பணத்தைத் தொலைத்த பிறகு இதைச் சொல்கிறேன், ஆனாலும் கணக்கு சரி.

ஏமாந்தது தெரிந்தவுடன் மோசடிப் புகார் எண்ணான 997-க்குப் போன் போட்டு, வங்கிக்கும் சொல்லி, போலீஸ் புகார் எழுதிவிடுங்கள். பணம் அந்தக் கணக்கில் இருக்கும்போதே சொன்னால்தான் பிடித்து வைக்க வழி உண்டு. கடையின் முகவரி கிடைத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை போடலாம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும். திறந்தால் வாரண்டி செல்லாது என்று கடைக்காரன் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, அவன் அட்டையில் எழுதி அதை ரத்து செய்ய முடியாது. உரையாடல், விளம்பரத்தின் படம், பணம் போட்ட ரசீது, கூரியர் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். வீடியோ காலைப் பதிவு செய்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மெஷினை அவன் கேட்டான் என்று உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சாட்சி அதுதான், அனுப்பிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.