சமயபுரத்தில், அம்மன் பட்டினி கிடக்கும் நாளில்

சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு எந்த நாளில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு, ஞாயிறு, செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்வதுதான் வழக்கம். கூட்டத்தை மட்டும் கருதினால் அது சரியான யோசனையே. ஆனால் இந்தக் கோயிலை விளங்கிக்கொள்ளவும் விரும்புகிறவர், மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கும் பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கும் இடைப்பட்ட 28 நாட்களுக்குள் ஒரு புதன்கிழமையையோ வியாழக்கிழமையையோ தேர்ந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. தெய்வத்துக்காக மனிதர்கள் விரதம் இருப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இங்கே அந்த 28 நாட்களும் மனிதர்களுக்காக அம்மன் விரதம் இருக்கிறாள். நான் அத்தையை அழைத்துக்கொண்டு போனது அப்படியொரு பங்குனிப் புதன்கிழமை.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கின்றன. காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டியதுமே மஞ்சள் ஆடை கட்டி, கையில் வேப்பிலையோடு சாலையோரம் நடந்து வரும் கூட்டத்தைப் பார்க்கலாம். சென்னை நெடுஞ்சாலை வழியாகச் செல்லும் வெளியூர்ப் பேருந்துகளில் ஏறினால் பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே இறங்க வேண்டியிருக்கும் என்பதால், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நகரப் பேருந்தே வசதி. கோயிலுக்குச் செல்லும் தெருவில் ஒரு கடைக்காரர், செருப்பை இலவசமாகப் பார்த்துக்கொள்வதாக அழைத்து, விட்ட பிறகு அர்ச்சனைத் தட்டு வாங்கினால்தான் ஆயிற்று என்று நின்றார். தேங்காயும் இரண்டு பழமும் ஒரு முழம் பூவும் வைத்த அந்தத் தட்டுக்கு அவர் சொன்ன விலையில் வெளியே இரண்டு தட்டு வாங்கியிருக்கலாம். விலையைக் கேட்டுக்கொண்டு பிறகு செருப்பைக் கழற்றுங்கள்.

கருவறையில் அம்மன் பெரிய திருவுருவம். அமர்ந்த கோலம், எட்டுக் கைகள், திருவடியின் கீழ் அசுரத் தலைகள். வரிசை நகரும் வேகத்தில் நமக்குக் கிடைப்பது சில நொடிகளே ஆனாலும், உருவம் பெரியது என்பதால் முகம் தெளிவாக மனத்தில் பதிகிறது. இந்தத் திருமேனி மூலிகைகள் சேர்ந்த சுதையால் ஆனது, கல்லில் வடித்ததன்று. ஆகவே மூலவருக்கு அபிஷேகம் கிடையாது; பாலும் இளநீரும் சந்தனமும் உற்சவ அம்மனுக்குத்தான். அனலின் வடிவமாக வணங்கப்படுகிற ஒரு தெய்வத்துக்கு நீர் ஊற்றிக் குளிர்விக்க வழியில்லை என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், இக்கோயிலின் மற்ற வழக்கங்கள் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் பூச்சொரிதலின்போது ஊர் ஊராகத் தட்டுத் தட்டாகப் பூ வந்து குவிவதை, தண்ணீருக்கு மாற்றாகப் பூவால் செய்யும் குளிர்விப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பூச்சொரிதல் நாளில் காப்புக் கட்டியதும் பச்சைப் பட்டினி விரதம் ஆரம்பமாகிறது. அதுமுதல் அம்மனுக்குச் சமைத்த தளிகை நைவேத்தியம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், கரும்பு, இளநீர் ஆகியவை மட்டுமே படைக்கப்படுகின்றன. துள்ளுமாவு என்பது ஊறவைத்த பச்சரிசியை இடித்துச் சலித்து வெல்லம் சேர்த்துப் பிசைவது. அடுப்பில் ஏறுவதே இல்லை. இந்தப் பட்டியலை வரிசையில் நின்றபடி அத்தை சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சிறு வயதில் எனக்கு அம்மை போட்டிருந்த நாட்களில், வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்கிற வாசனையே வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டு, மோரும் இளநீரும் பானகமுமாகவே எனக்குக் கொடுத்துவந்தார்கள். நோயாளிக்குரிய பத்தியத்தை அம்மன் தானே ஏற்றுக்கொண்டு, வெயில் ஏறுகிற பங்குனி மாதம் முழுதும் இருக்கிறாள். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. தடுப்பூசி செய்த வேலை அது. இருந்தும் பத்தியம் மட்டும் தெய்வத்தின் பெயரில் ஆண்டுதோறும் தவறாமல் நடந்துவருகிறது.

தலவரலாறுகள் பல, அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கம்சன் பாறையில் மோத ஓங்கியபோது கைநழுவி வானில் எழுந்த பெண்குழந்தையே இங்கு மாரியம்மன் என்பது ஒரு மரபு. அப்படியானால் அவள் கண்ணனுக்குத் தங்கை, ஆகவே திருவரங்கத்து அரங்கனுக்கும் தங்கை. இந்த அம்மன் முன்பு திருவரங்கத்தில் இருந்ததாகவும், அவளுடைய உக்கிரம் தாங்காமல் அங்கிருந்த ஜீயர் அப்புறப்படுத்தச் சொன்னதாகவும், தூக்கி வந்தவர்கள் வடக்கே இனாம் சமயபுரத்தில் இளைப்பாறிவிட்டுக் கண்ணனூர் (இன்றைய சமயபுரம்) அரண்மனை மேட்டில் இறக்கி வைத்ததாகவும் இன்னொரு மரபு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட தங்கையின் கதை போலவே இருக்கிறது. தைப்பூசத்தன்று அம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருள, திருவரங்கத்திலிருந்து பட்டும் மாலையும் மஞ்சளும் பழங்களுமாக அண்ணன் வீட்டுச் சீர் வருவதைப் பார்த்தவர்களுக்கு, அனுப்பியதற்கு வருந்தி உறவை விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஒரு குடும்பமே நினைவுக்கு வரும். 28 நாட்களில் போக முடியாதவர்களுக்கு நான் சொல்லக்கூடிய அடுத்த நாள் அதுதான்.

இப்போதுள்ள கோயிலுக்கு அடித்தளம் இட்டவராக, 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரைச் சொல்கிறார்கள். ஊர் அதைவிடப் பழையது. கண்ணனூர் என்ற பெயரில் 13-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர சோமேசுவரனின் தலைநகராக இருந்தது. அவன் காலத்துப் போஜீஸ்வரர் கோயில் இன்றும் அதே ஊரில், மாரியம்மனிடம் வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட எட்டிப் பார்க்காத அமைதியில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் அங்கும் போய்வரலாம்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தவர்கள் உடனே கிளம்பிவிடக் கூடாது. இந்தக் கோயிலின் உயிர் பிரகாரத்தில்தான் இருக்கிறது. தகட்டில் வெட்டிய கண், கை, கால் உருவங்களை உள்ளங்கையில் வைத்து மூன்று முறை தலையைச் சுற்றிக் காணிக்கை செலுத்துகிறவர்கள், உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள், மாவிளக்கு ஏற்றி அது அணையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். அன்று எங்களுக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி கரும்புத் தொட்டில் எடுத்து வந்தார்கள். இரண்டு முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, கணவர் முன்னாலும் மனைவி பின்னாலும் தோளில் தாங்கிச் சுற்றினார்கள். தூளிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கரும்பின் சோகை பின்னால் வந்தவர்கள் முகத்தில் உரசிக்கொண்டே போயிற்று, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் சோகையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முடிக்காணிக்கைக்கு இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் தேருக்குப் போகிறவர்கள், தரிசனத்தை மறந்துவிட்டுத் தேரை மட்டும் பார்க்கும் எண்ணத்தோடு போவது மேல். குழந்தைகளையும் நடக்க இயலாதவர்களையும் அன்று அழைத்துப் போவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் ஒரு பக்கம், அக்னிச்சட்டியும் அலகுமாக வரும் கூட்டம் மறுபக்கம்.

சாப்பாட்டுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் வழங்கும் திட்டம் 2021 செப்டம்பரில் தொடங்கியது. நாங்கள் போனபோது பந்தியில் இடம் கிடைக்கச் சிறிது நேரமே ஆயிற்று. சோறு சூடாக இருந்தது. சாம்பாரில் காரம் மட்டு, பொரியலில் உப்புச் சற்றுத் தூக்கல், மோர் புளிக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது முகம் சுளிக்காமல் போட்டார்கள்.

அத்தை பந்திக்கு வரவில்லை. நான் கை கழுவிவிட்டு வந்து தேடியபோது, தெருமுனையில் யாரோ போட்டிருந்த நீர்மோர்ப் பந்தலின் நிழலில் உட்கார்ந்து இரண்டாவது தம்ளர் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "உள்ள அவளே மோரைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கா, நான் மட்டும் சாம்பார் சாதம் சாப்பிடவாடா?" என்றவர், எனக்கும் ஒரு தம்ளர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு எழுந்தார்.