இ-லைஃப்: ஏற்பும் நிராகரிப்பும் இல்லாத மதிப்பாய்வு

ஒரு கட்டுரையை அத்துறையின் பிற ஆய்வாளர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் சக மதிப்பாய்வின் தரத்தைப் பற்றி ஆய்வாளர்களிடம் கேட்டால், கட்டுரை ஏற்கப்பட்டவர் நன்று என்பார், திருப்பி அனுப்பப்பட்டவர் அநியாயம் என்பார். ஏற்பதா, நிராகரிப்பதா என்ற அந்த முடிவையே நீக்கிவிட்டு, மதிப்பாய்வை மட்டும் தரும் சேவையாக 2023 ஜனவரி இறுதியில் மாறியது உயிரியல், மருத்துவ ஆய்விதழான இ-லைஃப். ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகம், மாக்ஸ் பிளாங்க் கழகம், வெல்கம் அறக்கட்டளை ஆகியவை 2012இல் தொடங்கிய இதழ் இது.

பதிப்பாசிரியர்கள் மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரை இங்கே பிறகு நிராகரிக்கப்படுவதில்லை. மதிப்பாய்வாளர்கள் தங்களுக்குள் கலந்து பேசுகிறார்கள். அவர்களுடைய குறிப்புகளும் ஒரு சுருக்கமான மதிப்பீடும் கட்டுரையுடன் எவரும் படிக்கும்படி வெளியாகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அந்த மதிப்பீடுதான். கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்துக்கு 'பயனுள்ளது' முதல் 'மைல்கல்' வரை ஐந்து படிகள், சான்றின் வலுவுக்குப் 'போதாது' முதல் 'தலைசிறந்தது' வரை ஆறு படிகள். ஆகவே, கேள்வி முக்கியமானது, ஆனால் சான்று இன்னும் முழுமையாகவில்லை என்று ஒரே வாக்கியத்தில் நேர்மையாகச் சொல்ல முடிகிறது. ஏற்பு, நிராகரிப்பு என்ற இரண்டே பெட்டிகளில் இதற்கு இடமில்லை.

வேறோர் ஆய்விதழில் மாதக்கணக்கில் காத்திருந்த பின் எனக்கு வந்தது, ஆங்கிலத்தைச் சீர்படுத்துக என்ற ஒரு வரியும், மேற்கோள் காட்டியே ஆக வேண்டிய கட்டுரைகளின் பட்டியலும்தான். பட்டியலில் இருந்தவை அனைத்தும் ஒரே ஆய்வுக்குழுவின் கட்டுரைகள். எல்லோரும் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் அப்படியொரு குறிப்பை எழுத எவருக்கும் கை வராது. பெயரை வெளியிடுவது மதிப்பாய்வாளரின் விருப்பம் என்பதால், மூத்தவர்களின் ஆய்வை விமர்சிக்க இளையோர் அஞ்ச வேண்டியதும் இல்லை.

குறை முதல் வாசலில் இருக்கிறது. எதை மதிப்பாய்வுக்கு அனுப்புவது என்ற பதிப்பாசிரியர்களின் தேர்வு இன்னும் மூடிய அறையில்தான் நடக்கிறது. பழைய நிராகரிப்பின் பெரும்பகுதி அங்கே இடம் மாறிவிட்டது என்று சொல்பவர்களை என்னால் மறுக்க முடியவில்லை. கட்டுரையாளர் தரப்பு செலுத்தும் கட்டணம் புதிய முறையின் தொடக்கத்தில் 2,000 டாலர். செலுத்த இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு.

இதைவிடப் பெரிய இடர் வெளியிலிருந்து வந்தது. சான்று போதாது என்று மதிப்பிடப்பட்ட கட்டுரைகளும் வெளியாவதைக் காரணம் காட்டி, 2024 அக்டோபரில் ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸ் இவ்விதழின் பட்டியலிடலை நிறுத்திவைத்தது. பின்னர் இதழின் கட்டுரைகளில் ஒரு பகுதியை மட்டும் சேர்த்துக்கொண்டதால், கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் இம்பேக்ட் ஃபேக்டரும் போயிற்று. குறையை மறைக்காமல் எழுதியதற்காக ஓர் இதழ் இப்படித் தண்டிக்கப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் தயங்காமல் இங்கே அனுப்பலாம். வேலை தேடும் இளம் ஆய்வாளர்கள், தாங்கள் விண்ணப்பிக்கவிருக்கும் நிறுவனம் இம்பேக்ட் ஃபேக்டரைக் கேட்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.