ஊராட்சித் தலைவர் முத்திரை குத்திய ரசீதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் குடிநீர் இணைப்பு, வீட்டு வரிப் பெயர் மாற்றம் என்று சொல்லி யாராவது வாசலில் வந்து நின்றால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் பணம் போயிருக்கிறது. என் அம்மா கொடுத்தது 6,000 ரூபாய். பூண்டு விற்று எடுத்து வைத்திருந்த பணம்.

வந்தவர் வெளியாள் அல்ல. முந்தைய ஊராட்சி மன்றத்தில் பதவியில் இருந்த ஒருவரின் நிழலாகத் திரிந்தவர். 2019 டிசம்பர் தேர்தலில் நான்கு நிற வாக்குச்சீட்டுகளையும் எப்படி மடிக்க வேண்டும் என்று எங்கள் தெருப் பாட்டிகளுக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். பழகிய முகம் என்பதுதான் அவருடைய மூலதனம். "தலைவரே இல்லாத நேரத்தில் யாரிடம் போய் நிற்பீர்கள், அக்கா? ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு ஆள் இருக்கிறது. மக்கள் பங்களிப்புத் தொகையை மட்டும் கொடுங்கள், பங்குனிக்குள் குழாயில் தண்ணீர் வரும்" என்று சொல்லியிருக்கிறார்.

தலைவர் இல்லை என்றது மட்டும் உண்மை. திண்டுக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பிறகு தனி அலுவலர்தான். அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சிக்கும் பொறுப்பு அவர் தலையில். அவரை நாங்கள் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிக் கொடைக்கானல் போக வேண்டும், அவரும் அன்று இருக்கையில் இருக்க வேண்டும். ஓடையிலிருந்து வரும் கறுப்பு ஹோஸைக் காட்டுமாடு மிதித்து உடைத்துவிட்டால்கூட முன்பு வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டுவோம். திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தார்.

இப்போது அந்த ரசீதுக்கு வருகிறேன். கார்பன் வைத்து எழுதிய நகல். மேலே ஊராட்சியின் பெயர் அச்சிட்டிருக்கிறது; பழைய ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. கீழே ஊதா மையில் வட்ட முத்திரை, பக்கத்தில் "தலைவர்" என்ற இடத்தில் ஒரு கிறுக்கல். தேதி 2025 பிப்ரவரி. பதவியே இல்லாத மாதத்தில் தலைவர் கையெழுத்து! எதற்கான தொகை என்ற இடத்தில் "இதர" என்று ஒரே சொல். குடிநீர் என்ற பேச்சே அந்தத் தாளில் இல்லை.

சில நாள் கழித்து இருவர் வந்து வாசலோரம் குழி தோண்டி, நீலக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் திருகைப் பொருத்தி நட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பங்குனி போய்ச் சித்திரையும் வந்தது. சொட்டு நீர் இல்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது அதைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு முழத்துக்கு மேல் குழாயே கிடையாது.

ஊராட்சிச் செயலரிடம் கேட்டால், இப்படி ஒரு தொகை பதிவேட்டில் ஏறவே இல்லை என்கிறார். அதைவிடக் கொடுமை, வீட்டுக்கு வீடு குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் எங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுத்தாகிவிட்டதாம். வசூலித்தவரோ கையெழுத்து தன்னுடையது இல்லை என்கிறார். அவரை நிழலாக வைத்திருந்தவர், "நான்தான் இப்போது பதவியில் இல்லையே, தம்பி" என்று சிரிக்கிறார்.

இந்தச் சிரிப்புக்கு இடம் கொடுத்தது தேர்தல் நடத்தாத அரசுதான் என்பது என் எண்ணம். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். நமக்கோ இது முதல் முறையல்ல. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2019 டிசம்பர் வரை தனி அலுவலர் காலம்தான். கொடைக்கானல் நகராட்சியில் 2022 பிப்ரவரியில் வாக்களித்தவர்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இருக்கிறார். சில மைல் தள்ளி இருக்கும் எங்களுக்கு இடைத்தரகர் இருக்கிறார்.

ஆகவே, 2025 ஜனவரி 5க்குப் பிந்தைய தேதியில் பழைய தலைவரின் கையெழுத்தோ முத்திரையோ இருந்தால் அந்தத் தாளை வாங்காதீர்கள். வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் இணையத்திலேயே கட்டலாம், கணினி ரசீது வரும். ஏற்கெனவே கொடுத்தவர்கள் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். திருப்பித் தருகிறேன் என்று கேட்டாலும் மூலத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டின் பெயரில் இணைப்பு பதிவாகியிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். திங்கட்கிழமை மனு நாளுக்குத் திண்டுக்கல் வரை மலை இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். முடியாதவர்கள் 1100 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. எங்கள் தெருவினர் அந்த மொட்டைக் குழாயையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போகிறோம்.

அந்த நபர் இப்போது கீழ்மலைப் பக்கம் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு வசூலிப்பதாகக் கேள்விப்படுகிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி சுற்றுவட்டாரத்தில் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு உங்களுக்கு இருந்தால், இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.