பழைய வண்டிக்குக் கையால் வாக்ஸ்: டின்னா, பாட்டிலா, கோட்டிங்கா?

மலையில் ஓடுகிற பழைய வண்டிக்கு முதல் தடவையாகக் கையால் வாக்ஸ் போடப்போகிறீர்கள் என்றால், என் ஓட்டு டின்னில் வரும் பேஸ்ட் வாக்ஸுக்குத்தான். பாட்டிலில் வரும் லிக்விட் சீலன்ட் அதைவிட அதிக மாதம் நிற்கும். கடையில் போடும் செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்ட் மேல் கெட்டியாக இறுகிவிடும் பூச்சு, இரண்டையும் தாண்டி நிற்கும். அது தெரிந்தேதான் டின்னைச் சொல்கிறேன். பளபளப்பை வைத்தோ விலையை வைத்தோ எடுத்த முடிவு இல்லை இது. தேய்ந்துபோன பிறகு மறுபடி போடுவது எவ்வளவு லேசு என்பதை வைத்து எடுத்தது.

என் வண்டி 1997 மாடல் மாருதி 800. சிவப்பு, டி.என். 43 பதிவு. குன்னூரில் மேலே கூரை இல்லாத இடத்தில்தான் நிற்கிறது. பானெட்டும் கூரையும் வெளுத்து, விரலால் தடவினால் இளஞ்சிவப்பாகப் பொடி ஒட்டும் நிலையில் இருந்தது. மலையில் குளிர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. மேகம் விலகுகிற நேரத்தில் பெயிண்ட் மேல் விழுவது சமவெளி வெயிலைவிடக் கடுமையானது. அதில் முதலில் தோற்கும் நிறங்களில் ஒன்று சிவப்பு.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் ஒரு சோதனை. கண்ணில் படாத ஓர் இடத்தில், கதவின் உள் ஓரம் போதும், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், கலருக்கு மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, கிடையாது. பழைய அம்பாசிடர், பத்மினி, ஜீப், சாலிட் கலர் மாருதி பலவற்றிலும் இப்படித்தான். நிறம் வருகிறதே என்று பயப்பட வேண்டாம், செத்துப்போன மேல்பூச்சுதான் வருகிறது. நிறம் வரவில்லை, ஆனால் மேலே தோல் உரிவதுபோல் வெள்ளையாகப் பிசிறுகிறது என்றால் கிளியர் கோட் போய்விட்டது. அதற்கு எந்த வாக்ஸும் மருந்தில்லை, பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கார் ஷாம்பூ, நிறையத் தண்ணீர், நிழல். பாத்திரம் கழுவும் சோப்பு இருக்கிற வாக்ஸையும் எடுத்துவிடும், அதனால் புதிதாகப் போடுவதற்கு முன் ஒரு தடவை மட்டும் அது சரி. மலை வண்டிக்கு இன்னொன்று உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டுப் பெயிண்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பு வண்டியில் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பெயிண்டைத் தடவினால் மணல் மணலாகத் தட்டுப்படும். அதை கிளே பார் (ஒட்டிய தூளை இழுத்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி) வைத்து எடுத்துவிட்டுத்தான் வாக்ஸ்.

சரி, கடையில் என்ன கிடைக்கிறது? பாட்டிலில் இரண்டு ரகம் உண்டு, லேபிளைப் படிக்காவிட்டால் குழம்பிவிடும். ஒன்று கிளீனர் வாக்ஸ். இதில் மெல்லிய அரைப்புப் பொடி கலந்திருக்கும், வெளுத்த மேல்பூச்சை எடுத்துக்கொண்டே கொஞ்சம் வாக்ஸையும் விட்டுப்போகும். வெளுத்த வண்டிக்கு முதல் தடவை மட்டும் இது உபயோகப்படும். ஆனால் மாதாமாதம் இதையே போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெயிண்ட் போகிறது என்று பொருள். இன்னொன்று சீலன்ட், முழுக்க செயற்கை பாலிமர். நன்றாகப் பிடித்துவிட்டால் நான்கைந்து மாதம் நிற்கும், பூசுவதும் சுலபம். டின்னில் இருப்பது கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையில் படியும் மெழுகு. சுத்தமான கார்னோபா கல்லாக இருக்கும், 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அதனால் டின்னில் எண்ணெயும் கரைப்பானும் சேர்த்துத்தான் வருகிறது. நூறு சதவீதம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் டின் முழுவதும் மெழுகு இல்லை. வெளியில் நிற்கும் வண்டியில், மழையும் சேர்ந்தால், இரண்டு மாதம் நிற்பதே நல்ல கணக்கு.

இரண்டு மாதமா, நான்கைந்து மாதமா என்று மட்டும் பார்த்தால் சீலன்ட்தான் ஜெயிக்கும். எங்கள் ஊர் வானிலையை நடுவில் வைத்தால் கணக்கு மாறுகிறது.

சீலன்ட் பிடிப்பதற்கு உலர்ந்த நேரம் வேண்டும். பூசி, துடைத்து, அதற்கப்புறம் பல மணி நேரம், சில தயாரிப்புகளுக்கு ஒரு நாள் முழுவதும், தண்ணீர் படக்கூடாது. குன்னூரில் காலை பத்து மணிக்கு நல்ல வெயில் அடிக்கும், மதியம் மஞ்சு இறங்கி பானெட்டில் முத்து முத்தாக நீர் நிற்கும். ராத்திரி பனி வேறு. கூரையுள்ள ஷெட் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர் கவர் போட்டு மூடலாமே என்றால், கவருக்குள் ஈரம் அடைபட்டு அது வேறு தொல்லை. பேஸ்ட் வாக்ஸுக்கும் உலர வேண்டும், ஆனால் அதற்குத் தேவை ஒரு பேனலுக்குக் கால் மணி, அரை மணி. வெயில் அடித்த நேரத்தில் பானெட்டை முடிக்கலாம், மஞ்சு வந்தால் டின்னை மூடி வைக்கலாம். மறுநாள் கூரை, அடுத்த வாரம் கதவுகள். பாதியில் நிறுத்தினாலும் கெட்டுப்போவதில்லை. ஏற்கெனவே வாக்ஸ் இருக்கும் இடத்தின் மேல் அப்படியே மறுபடி போடலாம், பழையதை எடுக்க வேண்டியதில்லை. சீலன்ட்டோ சுத்தமான பெயிண்டில்தான் பிடிக்கும். அடியில் மெழுகோ எண்ணெயோ இருந்தால் சரியாக ஒட்டாது, அதை எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பூசுவதில் கற்றுக்கொள்ள வேண்டியது அளவுதான். மலைக் குளிரில் டின் இறுகிக்கிடக்கும், அதனால் கொஞ்ச நேரம் வெயிலிலோ சமையலறையிலோ வைத்துவிட்டு எடுங்கள். ஸ்பாஞ்சை டின்னில் ஒரு சுற்று சுற்றினால் பானெட்டில் பாதிக்குப் போதும். பூசியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி படிந்திருக்க வேண்டும். தடிமனாகப் போட்டால் பாதுகாப்பு அதிகமாகாது, துடைக்கத்தான் தோள் வலிக்கும். அப்புறம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பளிச்சென்று தெளிவாக வந்தால் துடைக்கலாம். மங்கலாக இழுபட்டால் கரைப்பான் இன்னும் போகவில்லை, ஈரக்காற்றில் இதற்கு அதிக நேரம் பிடிக்கும். துடைக்க மைக்ரோஃபைபர் துணி, அடிக்கடி மடிப்பு மாற்றி. வேஸ்ட் துணி வேண்டாம், அதில் தையல் நூல், பட்டன் துணுக்கு எல்லாம் இருக்கும், சிவப்பில் கீறல் அப்படியே தெரியும். மாருதி 800-இன் கறுப்பு பம்பரிலும் கண்ணாடி ரப்பரிலும் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்துபோகும். ஆரம்பத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் அந்தத் தேய்ப்பு வேலை மிச்சம்.

ஸ்ப்ரே வாக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். கழுவிய பிறகு இடைக்காலத்துக்கு நல்லது, தனியாக அதையே நம்ப வேண்டாம்.

செராமிக் கோட்டிங்குக்கு வருவோம். நான் என் வண்டிக்குப் போடவில்லை, அதனால் போட்டவர் பார்வையில் பேச முடியாது. பெயிண்டின் தடிமனை மட்டும் யோசித்துப் பாருங்கள். கம்பெனியில் அடித்த பெயிண்ட், பிரைமர் எல்லாம் சேர்த்தே சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கோட்டிங் போடுமுன் கீறலையும் மங்கலையும் மெஷின் வைத்துச் சமப்படுத்துவார்கள், இல்லாவிட்டால் குறைகள் அப்படியே உள்ளே பூட்டப்பட்டுவிடும். இத்தனை வருடம் வெயிலில் தேய்ந்து, பலர் கையால் கம்பவுண்டு (அரைத்துப் பளபளப்பாக்கும் பசை) வாங்கிய பெயிண்டில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? மேட்டுப்பாளையத்தில் பெயிண்டர் ஒருவர் என் வண்டியின் மட்கார்டு ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மெஷின் போட்டா ஓரத்துல பிரைமர் தெரிஞ்சிடுங்ண்ணா, கையிலயே போட்டுக்கங்க” என்றார். கோட்டிங் வேலை கிடைக்கக்கூடியவர் சொன்னது என்பதால் எனக்கு அது பெரிதாகப் பட்டது. போட்ட கோட்டிங்கை எடுக்க வேண்டுமென்றாலும் மறுபடி மெஷின்தான். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கம்பெனி பெயிண்ட் இன்னும் மிச்சமிருக்கும் வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிற பெயிண்டை அரைத்துப் பளபளப்பாக்குவதைவிட, அதன் மேல் ஏதாவது போட்டுக் காப்பாற்றுவதே முக்கியம் என்று நினைக்கிறேன். பழைய வண்டி வாங்க வருபவரும் முதலில் பார்ப்பது, ரீபெயிண்ட் அடித்திருக்கிறதா என்றுதான்.

துருவுக்கு வாக்ஸ் தீர்வில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருந்தால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே எத்தனை டின் போட்டாலும் நிற்காது. அந்த ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுவது வாக்ஸைவிட முந்திய வேலை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிது, அதனால் செப்டம்பரில் கிடைக்கும் வெயிலில் ஒரு பூச்சு, மழை விட்டபின் ஜனவரியில் ஒன்று, கோடையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனுக்கு முன்பே முதல் பூச்சு வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடாமல் சோம்பலாகப் பரவி நிற்கிறதா, தேதி பார்க்க வேண்டாம், அந்தப் பேனலுக்கு மட்டும் போட்டுவிடுங்கள். பானெட்டும் கூரையும் எப்போதும் முதலில் கேட்கும்.

கிளியர் கோட் நல்ல நிலையில் உள்ள மெட்டாலிக் வண்டி, ராத்திரி ஷெட்டில் நிற்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நேரம் இல்லை என்பவர் சீலன்ட்டையே எடுக்கலாம், அதன் மேல் டின் வாக்ஸ் போட்டாலும் ஒட்டும். டிங்கரிங் பார்த்து ஏதாவது ஒரு பேனலுக்குப் புதிதாக பெயிண்ட் அடித்திருந்தால் மட்டும் எதையும் உடனே பூச வேண்டாம். பெயிண்டின் கரைப்பான் வெளியேற ஒரு மாதமாவது ஆகும், குளிர்காலத்தில் இன்னும் கூடுதலாக விடுங்கள். எத்தனை நாள் என்பதை அடித்த பெயிண்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.