காஸ்மிக் வாட்ச் மியூவான் டிடெக்டர்: கால நீட்சியைச் சோதிக்க இது போதுமா?

காஸ்மிக் வாட்ச் என்பது நாமே செய்துகொள்ளக்கூடிய சிறிய மியூவான் கருவி. மியூவான் என்பது காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது உருவாகி, கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும் துகள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலும் போலந்தின் தேசிய அணு ஆராய்ச்சி மையத்திலும் உருவான வடிவமைப்பு இது. சர்க்யூட் படம், பாகப் பட்டியல், அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்கான நிரல் எல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே வைக்கப்பட்டிருக்கின்றன. இங்கே பேசுவது அதன் இரண்டாம் பதிப்பைப் பற்றி. மியூவான்களை எண்ணுவதற்கு அருமையான கருவி. வேகமாகப் போகும் துகளுக்குக் காலம் மெதுவாக ஓடும் என்ற சார்பியல் விளைவுதான் கால நீட்சி. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்ற வாதத்தை உடைக்கவும் இது போதும். நீட்சி எவ்வளவு என்று அளந்து சொல்ல மட்டும் ஆகாது. அதுவும் ஒன்றே ஒன்று செய்துகொண்டால் பெரிய பயனில்லை. இரண்டாகச் செய்ய வேண்டும்.

உள்ளே இருப்பது 5×5×1 செ.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் சிண்டிலேட்டர், அதாவது துகள் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக். அதன் முகத்தில் 6 மி.மீ. சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் சில்லு ஒன்று ஒட்டி நிற்கும். துகள் ஊடுருவும்போது எழும் மங்கலான நீல ஒளியை அது மின்துடிப்பாக்கும். துடிப்பு மிகக் குறுகியது, அர்டுயினோ நேனோவால் அதை நேரடியாகப் பிடிக்க முடியாது. அதனால் உச்ச அளவைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும் ஒரு சர்க்யூட் நடுவில் வைத்திருக்கிறார்கள். எளிமையான, நல்ல தீர்வு. ஆனால் கருவியின் பெரிய வரம்பும் இங்கேதான் தொடங்குகிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. சில்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஆப்டிகல் ஜெல் கட்டாயம். காற்றுக்குமிழி சிக்கினால் துடிப்பின் உயரம் குறையும். சில்லு இருக்கும் சின்னப் பலகையைத் தனியாக வைத்துச் சால்டர் செய்து முடித்த பிறகே சிண்டிலேட்டரில் திருக வேண்டும், சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். அசிட்டோன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மேலே பளபளக்கும் ஃபாயில், அதன்மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் பல சுற்று. பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை எகிறினால் எங்கோ ஒளி கசிகிறது, பெரும்பாலும் மூலைகளில்தான். சில்லுக்கு 29.5 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். 24.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில்லு பெருக்கவே பெருக்காது. எண்ணிக்கை சுத்தமாக வரவில்லை என்றால் நிரலைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை இங்கே வையுங்கள்.

கடல் மட்டத்தில் கிடையாக வைத்த ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழும். 25 சதுர செ.மீ. என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 0.4. ஒற்றைக் கருவியின் திரை இதைவிட அதிகமாகக் காட்டும். சுவரிலும் தரையிலும் இருந்து வரும் காமா கதிர்களையும் அது சேர்த்து எண்ணுவதே காரணம். இரண்டு கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 3.5 மி.மீ. ஆடியோ கேபிளால் இணைத்து, இரண்டையும் சேர்த்து ரீசெட் செய்தால் ஒன்று தலைமையாகவும் மற்றது துணையாகவும் மாறும். துணைக்கருவி இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிந்த நிகழ்வுகளை மட்டும் எழுதும். நம்பத்தக்க தரவு அந்தக் கோப்புதான். வினாடிக்கு 0.3 நிகழ்வு என்று வைத்தால், 1 சதவீதத் துல்லியத்துக்குத் தேவையான 10,000 நிகழ்வுகளைச் சேர்க்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நிகழ்வைப் பதிந்துகொண்டிருக்கும்போது கருவி புதிதாக எதையும் எண்ணாது; அந்தச் செயலற்ற நேரமும் கோப்பிலேயே பதிவாகிறது. மொத்த நேரத்திலிருந்து அதைக் கழித்துத்தான் வீதம் கணக்கிட வேண்டும். திரையை நிரலில் அணைத்துவிட்டால் அந்த நேரம் குறையும்.

இனி சார்பியல். நிற்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குள் சுமார் 659 மீட்டர்தான் கடக்க முடியும். கால நீட்சி இல்லாவிட்டால், 2,000 மீட்டர் உயரத்தில் எண்ணிய மியூவான்களில் 5 சதவீதம்கூடக் கடல் மட்டத்துக்கு வந்து சேராது. உண்மையில் பாதிக்கு மேலேயே வந்து சேர்கின்றன. இவ்வளவு அகலமான இடைவெளியைக் காட்ட இந்தக் கருவி தாராளமாகப் போதும்.

அதற்கு மேல் போக முடியாது. ஃபிரிஷ், ஸ்மித் என்ற இயற்பியலாளர்கள் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் மலையுச்சியிலும் கீழே கடல் மட்டத்திலும் செய்து 1963இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இரும்பு அடுக்கை மேலே வைத்து, ஒளிவேகத்தில் 0.9950 முதல் 0.9954 வரையிலான மியூவான்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அவை சிண்டிலேட்டரில் நின்று சிதைவதையே எண்ணினார்கள். மேலே மணிக்குச் சராசரியாக 563, கீழே சுமார் 410. நீட்சி இல்லாவிட்டால் கீழே சுமார் 27தான் வந்திருக்கும். வேகம் தெரிந்ததால்தான் அவர்களால் நீட்சிக் காரணியை, அதாவது காலம் எத்தனை மடங்கு நீள்கிறது என்பதை, 8.8 என்று சொல்ல முடிந்தது. காஸ்மிக் வாட்சின் 1 செ.மீ. பிளாஸ்டிக்கில் மியூவான் இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். அதில் நிற்பவை மிகச் சொற்பம். நின்றாலும் இரண்டு மைக்ரோ வினாடியில் வரும் சிதைவு எலக்ட்ரானின் துடிப்பை அர்டுயினோ தவறவிடும். ஆகவே வேகமும் தெரியாது, ஆயுளும் அளக்க முடியாது. ஆயுளை அட்டவணையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயுளையும் அளந்தே தீர வேண்டும் என்பவர்களுக்குத் தடிமனான சிண்டிலேட்டர் கட்டி, ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய், நானோ வினாடிகளில் எண்ணும் மின்னணுப் பகுதி மூன்றும் வேண்டும். அதிலும் விடை 2.197க்குச் சற்றுக் கீழே, 2.1ஐ ஒட்டி வந்தால் பதற வேண்டாம். எதிர்மின் மியூவான்களில் சிலவற்றைப் பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் அணுக்கரு பிடித்துக்கொள்கிறது.

மலையில் அளப்பவர்கள் கெடுத்துக்கொள்ளும் முக்கியமான இடம் வெப்பநிலை. ஒரு டிகிரி குளிர்ந்தால் சில்லின் முறிவு மின்னழுத்தம் (அது பெருக்கத் தொடங்கும் மின்னழுத்தம்) சுமார் 21.5 மில்லி வோல்ட் இறங்கும். மேலே 20 டிகிரி குறைவாக இருந்தால் பெருக்கம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடி, முன்பு விடுபட்ட சின்னத் துடிப்புகளும் எண்ணிக்கையில் ஏறிவிடும். அது மியூவான் செய்ததல்ல, குளிர் செய்தது. கோப்பில் வெப்பநிலைப் பத்தி இருக்கிறது, பயன்படுத்துங்கள். முடிந்தால் இரண்டு இடத்திலும் கருவியை ஒரே சூட்டில் வையுங்கள். காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அழுத்தம் ஏறினால் எண்ணிக்கை இறங்கும். உயரத்தில் எலக்ட்ரான்கள் அதிகம் என்பதால், அவற்றைத் தடுக்க இரு இடத்திலும் கருவியின்மேல் ஒரே தடிமனில் 10 செ.மீ. ஈயம் வைப்பது நல்லது. விமானத்தில் எடுத்த தரவைச் சார்பியலுக்குச் சான்றாகக் காட்டவே கூடாது: 10 கி.மீ. உயரத்தில் பதிவாகும் நிகழ்வுகளில் பெரும்பகுதி மியூவான்களே அல்ல.