டிடிடி பேச்சு: மேடையில் ஃபிஸ்பஸ்ஸா, பவுலிங் ஸ்கோரா?

புரோகிராமர்கள் கூடும் யூசர் குரூப்பில் டிடிடி (முதலில் டெஸ்ட், பிறகு அதைத் தேற வைக்கும் நிரல் என்று எழுதும் முறை) பற்றிப் பேசப்போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது: மேடையில் எந்தப் பயிற்சியை நிரலாக எழுதிக் காட்டுவது?

நேரம்: ஃபிஸ்பஸ் பத்து நிமிடம். பவுலிங் முக்கால் மணி நேரம்.

விளக்கம்: ஃபிஸ்பஸ்ஸுக்கு 3, 5, 15 போதும்: எண் 3-ஆல் வகுபட்டால் 'ஃபிஸ்', 5-ஆல் என்றால் 'பஸ்', 15-ஆல் என்றால் 'ஃபிஸ்பஸ்'. பவுலிங்கில் 'இது கிரிக்கெட் இல்லை, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்' என்றே தொடங்க வேண்டும்.

பாடம்: ஃபிஸ்பஸ்ஸில் சிவப்பும் (டெஸ்ட் தோல்வி) பச்சையும் (டெஸ்ட் தேர்ச்சி) வரும், ரீஃபேக்டர் செய்ய, அதாவது நிரலின் வேலை மாறாமல் அமைப்பைச் சீராக்க, பெரிதாக ஒன்றும் இருக்காது. பவுலிங்கில் ஸ்பேருக்கு (இரண்டு வீச்சில் பத்தும் சாய்ந்தால்) அடுத்த ஒரு வீச்சின் புள்ளியும், ஸ்ட்ரைக்குக்கு (ஒரே வீச்சில் பத்தும் சாய்ந்தால்) அடுத்த இரண்டின் புள்ளியும் சேரும். வீசியவுடனே கூட்டிக்கொண்டு போகும் நிரல் ஸ்பேர் டெஸ்டில் உடையும்; வீச்சுகளைச் சேமித்துப் பிறகு கணக்கிடும்படி மாற்றியாக வேண்டும். அப்புறம் ஸ்ட்ரைக் டெஸ்டையும் பச்சையாக்கிவிட்டால், 12 ஸ்ட்ரைக், 300 புள்ளி டெஸ்ட் புதிதாக ஒரு வரியும் எழுதாமலே பச்சையாகும். அதற்காகவே எனக்கு பவுலிங் பிடிக்கும்.

புதியவர்கள், அரை மணி நேரம் என்றால் ஃபிஸ்பஸ். டெஸ்ட் எழுதிப் பழகிய கூட்டத்துக்கு பவுலிங். ஆனால் வீட்டில் நாலு முறையாவது தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.