பேன் மருந்து கேட்டேன், சிரங்கு லோஷனைக் கொடுத்தார்கள்

என் மகளுக்கு ஆறு வயது. எடை 17 கிலோ. பள்ளி திறந்த மூன்றாவது வாரத்தில் அவள் தலையில் பேன் பற்றிக்கொண்டது. இரவெல்லாம் சொறிந்ததில் பிடரியிலும் காதுகளுக்குப் பின்னாலும் தோல் கீறிப் புண்ணாகியிருந்தது. எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் குழந்தைக்குப் பேன் மருந்து வேண்டும் என்று கேட்டேன். வயது என்ன, எடை என்ன, தலையில் புண் இருக்கிறதா என்று எதையும் கேட்காமல், கடையில் இருந்தவர் ஒரு லோஷன் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, “ராத்திரி நல்லா தடவித் துணியால கட்டிடுங்கக்கா, காலையில தலைக்கு ஊத்தினா போதும்” என்றார். பில் தரவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

இரவு எட்டு மணிக்குத் தடவிக் கட்டினேன். பத்து மணியளவில் தலை வலிக்கிறது என்று அழுதவள், சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாள். அதன்பின் கைவிரல்கள் நடுங்கத் தொடங்கின. துணியை அவிழ்த்துத் தலையைக் கழுவிவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். பணியிலிருந்த மருத்துவர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அதன் அடியில் ‘காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு 1%’ என்று அச்சிட்டிருந்தது. வலிப்பு வராமல் தப்பினாள் என்பதே அன்றிரவு எங்களுக்குக் கிடைத்த ஆறுதல். மறுநாள் மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

லிண்டேன் என்றும் அழைக்கப்படும் இந்த மருந்து, தோல் வழியாக உடலுக்குள் சென்று நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது. தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் உள்ளே போகும் அளவு கூடும். துணி சுற்றி மூடினால் இன்னும் கூடும். எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். வலிப்பும் மரணங்களும் பதிவானதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003இல் இதன்மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. 50 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை என்றும், வேறு மருந்துகள் பலிக்காதபோது மட்டுமே இதைத் தரலாம் என்றும் அதில் உள்ளது. இந்தியாவில் பயிர்களுக்குக்கூட இதை அடிக்கக் கூடாது என்று 2013 முதல் தடை இருக்கிறது. பயிருக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஒன்றைப் புண்பட்ட பிஞ்சுத் தலையில் இரவு முழுவதும் கட்டிவைக்கச் சொன்னதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இரவு முழுவதும் விடச் சொன்னது எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அது சிரங்குக்கு உடம்பில் பூசும்போது சொல்லப்படும் கணக்கு. பேனுக்கு இதே மருந்தை ஷாம்பூவாகத் தரும் இடங்களில் நான்கு நிமிடங்களுக்கு மேல் தலையில் விடுவதில்லை. இப்போது அதிகம் விற்கும் பெர்மெத்ரினிலும் இதே குழப்பம் உண்டு: 5% கிரீம் சிரங்குக்கானது, பல மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும், பேனுக்கான 1% லோஷனைப் பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சதவீதத்தையும், எதற்கான மருந்து என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பெர்மெத்ரினை இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போடக் கூடாது. கழுவும்போது குழந்தையை உட்காரவைத்து முழுக்க நனைக்காமல், தலையை மட்டும் குனியவைத்து, கண்ணைத் துணியால் மூடி, வெந்நீரைத் தவிர்த்துக் கழுவ வேண்டும். சூடு பட்டால் தோலில் இரத்த ஓட்டம் கூடி மருந்து அதிகம் உள்ளே போகும். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஒன்பதாம் நாள் வாக்கில் மறுமுறை போடச் சொல்வார்கள். பேன் சாகவில்லை என்று மறுநாளே மீண்டும் தடவுவது தவறு. பைரெத்ரின் கலந்த மருந்துகள் சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படுபவை. சாமந்தி ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் தடவலாம் என்று எங்கள் பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். தீப்பிடிக்கும் பொருளைக் குழந்தையின் தலையில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

மறுநாள் பாட்டிலோடு கடைக்குப் போனபோது, அது தங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பில் இருந்திருந்தால் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் அனைத்தும் என் கையில் எழுத்தாக இருந்திருக்கும். ஆயினும் பாட்டிலின் படத்தையும் மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைத்து மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.

புண் ஆறும்வரை எந்த மருந்தும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால், ஈரமான முடியில் கண்டிஷனர் தடவி, முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் எனப் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரினேன். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் சீப்பில் ஒன்றும் வரவில்லை.